ரீச்-எச்எஃப்: நாற்காலியில் தொடங்கும் இதயப் பயிற்சி – ஒரு மதிப்பாய்வு

தடிமனான ஒரு கையேடு. உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகள் அடங்கிய டிவிடி. மனத்தைத் தளர்த்திக்கொள்ள ஒரு சிடி. அன்றாடம் குறித்துவைக்க ஒரு பதிவேடு. வீட்டாருக்கென்று தனியாக ஒரு கையேடு. இதயச் செயலிழப்பு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர், உள்ளவர்களுக்காக பிரிட்டனில் உருவான ரீச்-எச்எஃப் திட்டத்தில் சேருபவர் கைக்கு வருவது இவ்வளவுதான். ட்ரெட்மில் கிடையாது, நாடி பார்க்கும் கைக்கடிகாரம் கிடையாது. பார்த்தால் பத்திருபது வருடத்துக்கு முந்தைய சாமான் போல இருக்கும்.

ஆனாலும் இந்த நோய்க்கென்றே தைத்து, முறையான ஆய்வில் வைத்துச் சோதித்துப் பார்த்த வீட்டுப் பயிற்சித் திட்டங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டிவிடி நல்லது, கையேடு மிக நல்லது. ஆனால் இந்தச் சேவைக்கு உயிர் கொடுப்பவர், 12 வாரமும் கூடவே வரும் வழிநடத்துநர். பெரும்பாலும் இதயச் செயலிழப்பு நர்ஸாகவோ பிசியோதெரபிஸ்டாகவோ இருப்பார். அவர் இல்லாமல் பொட்டலம் மட்டும் கைக்கு வந்தால் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம்.

எதற்காக இப்படி ஒன்று? பிரிட்டனில் மாரடைப்பு வந்தவர்களும் பைபாஸ் செய்தவர்களும் இதய மறுவாழ்வு வகுப்புக்குப் போவது பழகிப்போன விஷயம். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் அங்கே அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. எழுபது வயது, மூச்சு வாங்குகிறது, மணிக்கொரு தடவை கழிவறைக்கு ஓடவைக்கும் நீர் மாத்திரை, இரண்டு பஸ் மாறி மருத்துவமனை ஜிம்முக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டுதல், நோய் நிலையாக இருப்பவர்களுக்கு உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வைத் தரச் சொல்கிறது. வீடோ மருத்துவமனையோ, நோயாளிக்கு எளிதில் கிட்டும் இடத்தில் தரச் சொல்கிறது. ரீச்-எச்எஃப் அந்த வீட்டு வழிக்கான பதில். ஹேய்ஸ் டலால், ராட் டெய்லர் ஆகியோர் முன்னின்று நடத்திய ஆய்வு கார்ன்வால், குவென்ட், பர்மிங்காம், யார்க் ஆகிய நான்கு இடங்களில் நடந்தது. 216 பேர் சேர்ந்தார்கள். சராசரி வயது 70. எல்லோருக்கும் எக்கோவில் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் சோதனை) இ.எஃப்., அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 45 சதவீதத்துக்குக் கீழே.

இதயமே தளர்ந்திருக்கும்போது அதற்கு வேலை கொடுக்கலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழும். நாற்பது வருடத்துக்கு முன்பு மருத்துவர்களே படுத்திருக்கத்தான் சொன்னார்கள். பிறகு தெரியவந்தது இதுதான்: இ.எஃப். 25 இருப்பவர் சிலர் மாடி ஏறுகிறார்கள், 40 இருப்பவர் சிலர் குளியலறை வரை போனாலே மூச்சிரைக்கிறார்கள். ஒருவரால் எவ்வளவு முடியும் என்பதை எக்கோ எண் சொல்லிவிடுவதில்லை. ஏனென்றால் சிக்கலில் பெரும்பகுதி கால் தசையில் இருக்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் தசை இளைக்கிறது. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அதில் குறைகிறது. சின்ன வேலைக்கே அமிலம் சேர்ந்து, மூச்சை வேகமாக வாங்கச் சொல்லி மூளையை விரட்டுகிறது. மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்தால் தசை இன்னும் இளைக்கும். இந்தச் சுழலை 1990-லேயே ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் வீட்டில் வைத்த சைக்கிளைக் கொண்டு உடைத்துக் காட்டினார்கள். பயிற்சி இதயம் என்ற பம்பை மாற்றுவதைவிடக் கால்களை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கூம்பும் பீப் ஒலியும்

திட்டத்தின் மிக நல்ல பகுதி இது. ஆனால் பலரும் அவசரமாகத் தாண்டிப்போகும் பகுதியும் இதுதான். நாற்காலிப் பயிற்சியில் ஏழு படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் தொடங்குவது என்று நோயாளியைக் கேட்டோ வயதைப் பார்த்தோ முடிவு செய்வதில்லை. நடக்கவைத்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதற்குப் பயன்படுவது ஷட்டில் நடைச் சோதனை.

தரையில் 9 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். சுற்றித் திரும்பும் வளைவையும் சேர்த்தால் ஒரு நடை 10 மீட்டர். ஒலிநாடாவில் பீப் வருவதற்குள் அடுத்த கூம்பை எட்ட வேண்டும். முதல் நிமிடம் மணிக்கு 1.8 கிலோமீட்டர் வேகம், கோயில் பிராகாரத்தில் ஆற அமர நடப்பதைவிடவும் மெதுவாக. அந்த நிமிடத்தில் 3 நடை. ஒவ்வொரு நிமிடமும் ஒரு நடை கூடும். மூன்றாம் நிலையை முழுதாக முடித்தவர் 3, 4, 5 என்று 12 நடை, அதாவது 120 மீட்டர் நடந்திருப்பார். மொத்தம் 12 நிலைகள், 1,020 மீட்டர். இந்த நோயில் அந்தக் கடைசி எண்ணை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இங்கே தவறுவது எப்படி? முதலாவது, ஒத்திகை நடை இல்லாமல் முதல் நடையையே கணக்கில் எடுப்பது. பீப் ஒலியோடு காலை ஒட்டவைக்கப் பழக வேண்டும். முதல் தடவை எல்லோரும் குறைவாகத்தான் நடப்பார்கள். அதைக் கணக்கில் வைத்தால் 12 வாரம் கழித்து வரும் 'முன்னேற்றம்' பாதி பழக்கத்தால் வந்ததாக இருக்கும். இரண்டாவது, வீட்டில் இடம் இல்லாமல் 10 மீட்டரை 6 மீட்டராகச் சுருக்குவது. திருப்பங்கள் கூடிவிடும், எண் செல்லாது. லண்டன் பகுதியின் வரிசை வீடுகளில் 10 மீட்டர் நேர்க்கோடு கிடைப்பது அபூர்வம். ஆகவே சோதனையை மட்டும் கிளினிக்கிலோ சமூகக் கூடத்திலோ வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது, ஏன் நின்றார் என்று எழுதாமல் விடுவது. மூச்சால் நின்றாரா, முழங்கால் வலியாலா, தலைசுற்றியா? மூன்றுக்கும் அடுத்த அடி வேறு வேறு. முழங்காலால் நின்றவரை முதல் படியில் உட்காரவைத்தால் இதயத்துக்கும் தசைக்கும் வேலையே இருக்காது. இரண்டு வாரத்தில் அலுத்து விட்டுவிடுவார்.

நாற்காலி

'உட்கார்ந்து செய்கிற பயிற்சியில் என்ன இருக்கிறது' என்ற ஏளனம் சகஜம். கைகால்களை இசைக்குத் தகுந்தபடி இடைவிடாமல் பத்து நிமிடம் அசைத்துப் பாருங்கள், தெரியும். இந்த நோய் உள்ளவருக்கு அது மெதுவான நடைக்கு நிகரான உழைப்பு.

நாற்காலி சாப்பாட்டு மேசை வகையாக இருக்க வேண்டும். உறுதியான இருக்கை, கைப்பிடி இல்லாதது, சக்கரம் கூடவே கூடாது. பின்புறம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். சராசரி உயரத்துக்கு இருக்கை 45 சென்டிமீட்டர் வாக்கில் வரும். சோபா உதவாது. அமிழ்ந்து உட்கார்ந்தால் வயிறு மடங்கி மூச்சுவிடவே இடம் குறையும். முதுகைச் சாய்க்காமல் முன்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும். வீட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் பிடிப்பான ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

சூடேற்றும் பகுதியைச் சுருக்கவே கூடாது. பிரிட்டனில் இதய மறுவாழ்வுக்குச் சொல்லும் அளவு 15 நிமிடம். ஆரோக்கியமானவருக்கு 5 நிமிடம் போதுமே, இவருக்கு எதற்கு 15? தளர்ந்த இதயம் உள்ளவரின் ரத்தக்குழாய்கள் விரிய நேரம் எடுக்கும். தசைக்கு ரத்தம் போய்ச் சேருவதற்குள் வேகத்தைக் கூட்டினால் முதல் மூன்று நிமிடத்திலேயே மூச்சு முட்டி, 'நமக்கு இது ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் ஒத்துவராதது அவசரம்தான். முடிக்கும்போது 10 நிமிடம் ஆறவிட வேண்டும். சட்டென்று நிறுத்தினால் விரிந்த கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் தங்கி, ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்ததும் கண் இருட்டும். நிறுத்திய பிறகும் குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பது இதற்குத்தான்.

அடிக்கடி காணும் பிழைகள் சில. மூச்சைப் பிடித்துக்கொள்வது முதலிடம். எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் சரியாகிவிடும், ஏனெனில் பேசிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது. அடுத்தது கைகளைத் தோளுக்கு மேல் நெடுநேரம் வைத்திருப்பது. காலுக்குக் கொடுக்கும் அதே வேலையைக் கைக்குக் கொடுத்தால் நாடியும் ரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறும், மூச்சும் வாங்கும். முடியாத நாளில் கால் அசைவை விடாமல், கையை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டால் ஒரு படி இறங்கியது போல ஆகும். டிவிடியை நிறுத்த வேண்டியதே இல்லை. பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியோ நெஞ்சில் புதிதாக வைத்திருந்தால், அந்தப் பக்கக் கையை முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கருவியின் கம்பி இடம் நகர்ந்துவிடலாம். தரையில் படுத்துச் செய்யும் பயிற்சி இந்த நோய்க்கு வேண்டாம். படுத்ததும் காலிலுள்ள ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி மூச்சுத் திணறும், எழும்போது தலைசுற்றும். இந்தத் திட்டம் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தது அந்த வகையில் கெட்டிக்காரத்தனம்.

எவ்வளவு கடினமாகச் செய்வது? உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்று செய்பவரே எண்ணால் சொல்வது போர்க் அளவுகோல்; அதில் 6 முதல் 20 வரை எண்கள். 11 என்றால் லேசான உழைப்பு, 13 என்றால் ஓரளவு கடினம். 11-க்கும் 14-க்கும் நடுவில் நிற்பதுதான் இலக்கு. எண் குழப்பினால் பேச்சை வைத்துப் பாருங்கள்: ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. பாட்டு வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

நாடியை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார்கள். பைசோப்ரோலால், கார்வெடிலால் போன்றவை. அவை நாடியை ஏறவிடாது. உதாரணமாக 70 வயதுக்காரர், ஓய்வில் நாடி 64, மாத்திரையோடு செய்த சோதனையில் எட்டிய உச்சம் 110. இடைவெளி 46. அதில் 40 முதல் 70 சதவீதத்தை 64-உடன் கூட்டினால் 82 முதல் 96 வரை வரும். இதுதான் அவருக்கான எல்லை. உடற்பயிற்சி இயந்திரங்களில் ஒட்டியிருக்கும் '220 கழித்தல் வயது' சூத்திரத்தைப் போட்டால் உச்சம் 150 என்று காட்டும், 70 சதவீத இலக்கு 124 வரும். அவருடைய உண்மையான உச்சமே 110! எட்டவே முடியாத எண்ணைத் துரத்தி மயங்கி விழ இதைவிட நல்ல வழி கிடையாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு நாடி தாறுமாறாக இருப்பதால் எந்தச் சூத்திரமும் செல்லாது. மூச்சும் போர்க் எண்ணும்தான் துணை. ஐசிடி உள்ளவர், கருவி எந்த வேகத்தில் அதிர்ச்சி கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு 10 துடிப்பாவது கீழே நிற்க வேண்டும்.

நடைப்பயிற்சி இந்தத் திட்டத்தின் இன்னொரு தேர்வு. நாற்காலியோடு கலந்தும் செய்யலாம். வாரத்துக்கு மூன்று முறையாவது, தன் நிலையில் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் நேரத்தையும் வேகத்தையும் தூரத்தையும் கூட்டிக்கொண்டு போவது. முதலில் நேரம், பிறகு வேகம் என்ற ஒழுங்கை நாங்கள் விடாமல் பரிந்துரைக்கிறோம். திரும்பி வர வேண்டிய தூரத்தை மறந்துவிடுவதுதான் நடையில் வரும் ஆபத்து. இறக்கத்தில் உற்சாகமாகப் போய், ஏற்றத்தில் வீடு திரும்ப முடியாமல் நிற்பார்கள். ஆகவே முதலில் ஏற்றம், அல்லது வீட்டைச் சுற்றியே சிறு வட்டங்கள். குளிர்காற்று முகத்தில் அடித்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கி இதயத்துக்கு வேலை கூடும். பிரிட்டனின் ஜனவரியில் வாயையும் மூக்கையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு நாற்காலிக்கே திரும்பிவிடுங்கள். இரண்டு வழியும் கையில் இருப்பதன் லாபம் இதுதான்.

கையேட்டின் மற்ற பக்கங்கள்

கையேடு பயிற்சியோடு நிற்கவில்லை. நோய் என்ன, மாத்திரைகள் எதற்கு, எடை பார்ப்பது எப்படி, கவலையை எப்படிச் சமாளிப்பது என்று போகிறது. பயிற்சி நாளும் எடை நாளும் ஒரே பதிவேட்டில் வருவது மிக உதவி. மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சாப்பாட்டால் வந்த எடை இல்லை, உடலில் நீர் சேர்கிறது. அன்றைக்குப் பயிற்சி கிடையாது, நர்ஸுக்கு போன். அதே போல் ஓய்விலேயே நாடி 100-ஐத் தாண்டியிருந்தாலும், முந்தைய இரவு மூச்சு வாங்காமல் படுக்கக் கூடுதல் தலையணை தேவைப்பட்டிருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம், ஐசிடி அதிர்ச்சி போன்றவை அவசர அழைப்புக்கான காரணங்கள்.

நீர் மாத்திரை நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் போகும் நாளில் அதைத் தவிர்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. ஃப்யூரோசமைடு வாய்வழி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். முதல் வேகம் அடங்கும்வரை இரண்டு மணி நேரம் விட்டுப் பயிற்சியை வைத்துக்கொண்டால் போதும். சாப்பிட்டவுடனும் வேண்டாம்; ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும்.

இந்தப் பொட்டலத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது வீட்டாருக்கான கையேடுதான். மறுவாழ்வு வகுப்புகள் பெரும்பாலும் நோயாளியை மட்டும் பார்க்கும்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்க்காது. ஆனால் வீட்டில் பயிற்சி நடப்பதும் நடக்காததும் அவர் கையில். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரு யாழ்ப்பாணத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'நீங்கள் எழும்பாதேங்கோ அப்பா, நான் எடுத்துத் தாறன்' என்று மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அன்புதான். அந்த அன்பு நாளுக்கு முப்பது தடவை எழுந்து உட்காரும் வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்கிறது. எழுந்து உட்காருவதே தொடைக்கு முதல் பயிற்சி. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று வீட்டாருக்குத் தனியே சொல்வது, நோயாளிக்கு இன்னொரு டிவிடி கொடுப்பதைவிட மேல்.

தளர்வுப் பயிற்சி சிடி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூக்கம் வராதவர்களுக்கு உதவும்.

பலன், விலை, குறை

ஆய்வின் முக்கிய அளவுகோல் மினசோட்டா வாழ்க்கைத் தர வினாத்தாள். 21 கேள்விகள், 0 முதல் 105 வரை மதிப்பெண், குறைந்தால் நல்லது. 12 மாதம் கழித்துத் திட்டத்தில் இருந்தவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கும் 5.7 புள்ளி வித்தியாசம். 5 புள்ளி மாறினாலே நோயாளியால் உணர முடியும் என்பது பொதுக் கணக்கு. மயிரிழையில் தாண்டியிருக்கிறது, ஆனால் தாண்டியிருக்கிறது. 12 வாரத் திட்டத்தின் பலன் ஒரு வருடம் கழித்தும் நிற்பது சாதாரணம் இல்லை. ஆய்வில் ஒருவருக்கான செலவு சராசரியாக 418 பவுண்டு ஆனது. தேசிய சுகாதாரச் சேவையின் வழியாக வருவதால் நோயாளி இதைக் கட்டுவதில்லை.

இனி, விளம்பரத் தாளில் காணக் கிடைக்காத பகுதி. நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறன் தெளிவாகக் கூடியது. ஆனால் ஷட்டில் நடைத் தூரம்? குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மற்ற துணை அளவுகள் எதிலும் இல்லை. உடற்பயிற்சித் திட்டம் என்ற பெயரில் வருகிற ஒன்றுக்கு இது சின்னக் குறை இல்லை. வாழ்க்கைத் தரம் கூடுகிறது, தன்னைத் தானே கவனித்துக்கொள்கிறார். கால் மட்டும் எதிர்பார்த்த அளவு வலுக்கவில்லை. எங்கள் ஊகம், படி ஏற்றுவதில் தயக்கம் இருந்திருக்கும். வீட்டில் தனியாக இருப்பவரை வழிநடத்துநர் தொலைபேசியில் அடுத்த படிக்கு நகர்த்தத் துணிவது கடினம். மூன்றாம் படி சுகமாகப் பழகியதும் அதிலேயே தங்கிவிடுவார்கள். போர்க் எண் இரண்டு வாரம் தொடர்ந்து 11-க்குக் கீழே இருந்தால் அடுத்த படி என்று ஒரு விதியை முதல் நாளே பதிவேட்டின் முகப்பில் எழுதிவிடுவது நல்லது.

அமெரிக்க வழியோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2,331 பேரைச் சேர்த்து 2009-இல் முடிவு வெளியான எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வில், மேற்பார்வையோடு 36 அமர்வுகள், பிறகு வீட்டில் சைக்கிள் அல்லது ட்ரெட்மில், நாடிமானி, வாரம் ஐந்து நாள் 40 நிமிடம். எல்லாம் கொடுத்தார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போன பிறகு வார இலக்கை முழுதாக எட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. இயந்திரம் வாங்கிக் கொடுத்தால் நோயாளி செய்துவிடுவார் என்ற நம்பிக்கைக்கு அதிலேயே பதில் இருக்கிறது. அந்த ஆய்வு கொடுத்த முக்கியமான நிம்மதி பாதுகாப்பு: இ.எஃப். 25 வாக்கில் உள்ளவர்கள்கூடப் பயிற்சி செய்யலாம். அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2014 முதல் இந்த நோய்க்கு 36 அமர்வுகளுக்குப் பணம் தருகிறது. ஆனால் இ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழ் இருக்க வேண்டும், நோய் ஆறு வாரம் நிலையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. கண்காணிப்பில் அமெரிக்க முறை மேல், வீட்டாரைச் சேர்த்துக்கொள்வதில் ரீச்-எச்எஃப் மேல். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், மருத்துவமனையிலிருந்து புதிதாக வீடு திரும்பியவரையும் ஐசிடி அதிர்ச்சி வாங்கியவரையும் முதல் சில வாரம் மேற்பார்வை வகுப்புக்கே அனுப்புவோம்.

இன்னொரு குறை தசை வலுப் பயிற்சி. நாற்காலி அசைவும் நடையும் மூச்சுத் திறனுக்கு நல்லது. எழுபது வயதில் கழிவறை இருக்கையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழ தொடை வலு வேண்டும். 2021-இல் வெளியான ரிஹேப்-எச்எஃப் ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களுக்கு வலு, சமநிலை, நடை, தாங்குதிறன் நான்கையும் சேர்த்துக் கொடுத்து உடல் இயக்கத்தில் நல்ல முன்னேற்றம் காட்டியது. ரீச்-எச்எஃப் செய்பவர் வாரம் இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை 5 முதல் 8 தடவை, நடுவே ஒரு நிமிடம் விட்டு இரண்டு சுற்று சேர்த்துக்கொள்ளலாமா என்று வழிநடத்துநரிடம் கேட்கலாம். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

மருந்துகளும் மாறிவிட்டன. அந்த ஆய்வு நடந்த பிறகு சாக்குபிட்ரில்-வால்சார்ட்டனும் டாபாகிளிஃப்ளோசின் வகையும் பரவலாக வந்துவிட்டன. நான்கு வகை மருந்து எடுப்பவரின் ரத்த அழுத்தம் 100-க்குப் பக்கத்தில் இருப்பது இன்று சகஜம். உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து ஒரு நிமிடம் நின்று ஒரு தடவை அழுத்தம் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மேல் எண் 20 இறங்கித் தலையும் கிறுகிறுத்தால் அன்றைக்கு உட்கார்ந்த பயிற்சி மட்டும். மருந்தின் அளவு கூட்டிய வாரத்தில் படியைக் கூட்ட வேண்டாம்.

யாருக்கு ஒத்துவராது என்பதும் தெளிவு. ஓய்விலேயே மூச்சு வாங்குபவர், கட்டுப்படாத துடிப்புக் கோளாறு உள்ளவர், கடுமையான வால்வு சுருக்கம் உள்ளவர் போன்றோருக்கு முதலில் சிகிச்சை, பிறகு பயிற்சி. தனியாக வசிப்பவரும் பார்வையோ செவியோ மங்கியவரும் சேரலாம். அவர்களுக்கு நேரில் வரும் சந்திப்புகள் கூடுதலாக வேண்டும் என்று முதலிலேயே கேட்டுப் பெற வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தேசிய சுகாதாரச் சேவையில் அது உரிமை. மகனோ மகளோ மொழிபெயர்த்தால் மூச்சு வாங்குவதை அப்பா பாதி மறைத்துவிடுவார்.

கடைசியாக ஒன்று, பிரிட்டனில் இருக்கும் உறவினர்களுக்கு. லண்டனில் ஒருவர் டிவிடியைப் பிரதி எடுத்து யாழ்ப்பாணத்துக்கோ மதுரைக்கோ அனுப்புவது எளிது. அனுப்பாதீர்கள் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே உள்ளவர் முதல் படியைப் போடும் முன் அண்மையில் எடுத்த எக்கோவையும் ஈசிஜியையும் அவருடைய இதய மருத்துவர் பார்த்திருக்க வேண்டும், ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவையாவது நடக்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும், வாரம் ஒருமுறை எடையையும் போர்க் எண்ணையும் கேட்டு எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த மூன்றாவது ஆளாக லண்டனில் இருப்பவரே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது 'சாப்பிட்டீங்களா' என்பதற்கு அடுத்த கேள்வியாக அதை வைத்துக்கொண்டால் போதும்.